தட்டினால் கால் உதைக்கும், சரி. பின்தொடை என்ன செய்யும்?

முதலாண்டு உடலியங்கியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ரிஃப்ளெக்ஸ் சுத்தியலைக் கையில் கொடுத்து, முழங்கால் அனிச்சைச் செயலைச் செய்து காட்டச் சொன்னார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே தட்டினேன், கால் உதைத்தது. பாடத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். தசைநாண் இழுபடுகிறது, முன்தொடைத் தசை நீள்கிறது, உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் என்ற நீட்சி உணரி அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்கிறது, அங்கிருந்து ஆல்பா மோட்டார் நியூரான் எனும், தசையை இயக்கும் நரம்பணு வழியாகப் பதில் வருகிறது, தசை சுருங்குகிறது. தேர்வாளர் தலையாட்டினார்.

"அந்த நேரத்துல பின்தொடைத் தசை என்ன செய்யுது?"

"சும்மா இருக்கும் மேடம்."

"தானா சும்மா இருக்கா, இல்ல சும்மா இருக்க வைக்கிறாங்களா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வைவாவில் கோட்டை விட்டேன். மறுதேர்வுக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தசை எப்படிச் சுருங்குகிறது என்பதை மட்டுமே படித்திருக்கிறேன். எப்படிச் சுருங்காமல் இருக்கிறது என்ற பாதிப் பாடம் அப்படியே விட்டுப்போயிருந்தது.

இதே தலைப்போடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாதையைப் படமாக வரையுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்று போடுங்கள். அந்தக் குறிகள் இல்லாத படம் வீண். நான் குறியே இல்லாத பத்துப் படம் வரைந்துவிட்டுத்தான் முதல் வைவாவுக்குப் போயிருந்தேன்.

முதலில் தசையிலிருந்து தொடங்குங்கள். நம் எலும்புத் தசைக்கு வரும் மோட்டார் நரம்புக்குத் தெரிந்தது ஒரே கட்டளை: சுருங்கு. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்படும், தசை நார் கிளர்ந்தெழும், அவ்வளவுதான். நண்டு, இறால் வகைகளில் 'நிறுத்து' என்று தசைக்கே நேராக வந்து சொல்லும் தனி நரம்பும் உண்டு. நமக்கு அது கிடையாது. ஆகவே ஒரு தசையை அடக்க வேண்டுமானால், அதன் நரம்பு புறப்படும் இடத்திலேயே, தண்டுவடத்தின் முன்கொம்பு எனப்படும் முன்பகுதியிலேயே அடக்கியாக வேண்டும். மூளை, அனிச்சை வளையம், சமநிலை உறுப்பு என யார் என்ன சொல்ல வந்தாலும் கடைசியில் அந்த ஒரு நியூரானின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். உடலியங்கியலாளர் ஷெரிங்டன் இதைத்தான் கடைசிப் பொதுப்பாதை என்றார். நியூரான்களின் வேலையைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இப்போது பின்தொடைக்கு வருவோம். ஸ்பிண்டிலிலிருந்து வரும் Iஏ வகை உணர்வு நரம்பு, தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் கிளை பிரிகிறது. ஒரு கிளை முன்தொடையின் மோட்டார் நியூரானை நேரடியாகத் தொடுகிறது. இடையில் ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது நரம்புச் சந்திப்புதான், அதனால்தான் அத்தனை வேகம். தட்டியதிலிருந்து தசையில் மின் அசைவு தெரிய ஏறக்குறைய 20 மில்லிவினாடி போதும். இன்னொரு கிளை பின்தொடைப் பக்கம் போகிறது. ஆனால் அங்கே நேராகத் தொடுவதில்லை. நடுவில் ஒரு குட்டி நியூரான்.

ஏன் அந்த இடைத்தரகர்? Iஏ நரம்பு வெளியிடுவது குளூட்டமேட் என்ற வேதிப்பொருள். அது கிளர்ச்சியூட்டத்தான் செய்யும், அடக்காது. பின்தொடையின் நியூரானை அது நேராகத் தொட்டால் அந்தத் தசையும் சேர்ந்து சுருங்கி, கால் எந்தப் பக்கமும் நகராமல் விறைத்து நிற்கும். அதனால் கூட்டலைக் கழித்தலாக மாற்ற ஒரு ஆள் தேவை. இடை நியூரான் கிளைசின் என்ற அடக்கும் வேதிப்பொருளை வெளியிட்டு அந்த வேலையைச் செய்கிறது. முழங்கால் அனிச்சை ஒற்றைச் சினாப்ஸ் கொண்டது என்று எழுதிவிட்டு எதிர்த்தசையை (இங்கே பின்தொடையை) மறப்பவர்களைப் பிடிக்கும் பொறி இதுதான். நானும் அதில்தான் விழுந்தேன்.

இந்தக் கழித்தல் குறி எவ்வளவு முக்கியம் என்று நம்பாதவர்கள் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸைப் படியுங்கள். அந்த நஞ்சு நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் நியூரான்கள் கிளைசினையும் அதே வகையான காபாவையும் வெளியிட முடியாமல் தடுக்கிறது. தசைக்குப் புதிதாக எந்தக் கட்டளையும் வரவில்லை, அடக்குகிற குரல் மட்டும் நின்றுபோகிறது. விளைவு: இரண்டு பக்கத் தசைகளும் ஒரே சமயத்தில் சுருங்குகின்றன, எது வலியதோ அது ஜெயிக்கிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் உடம்பில் ஏறியது.

ஸ்பிண்டிலுக்குப் போகும் காமா நியூரானைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் தொய்ந்துபோகும். தொய்ந்த கயிற்றில் இழுப்பு தெரியாது. காமா அதன் இரு முனைகளையும் இழுத்து விறைப்பாக வைத்திருக்கிறது. ஆல்பாவும் காமாவும் சேர்ந்தே கிளம்பும் என்று நினைவிருந்தால் போதும்.

மேல் நியூரான் (மூளையிலிருந்து கீழே வருவது), கீழ் நியூரான் (தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போவது) பாதிப்பு அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், படத்தில் கத்தரியை வையுங்கள். கடைசிப் பாதையையே வெட்டினால் எந்தக் கட்டளையும் தசையை எட்டாது: தளர்ச்சி, மெலிவு, அனிச்சை இல்லை. மேலிருந்து வரும் பாதையை வெட்டினால் கீழே வளையம் முழுசாக இருக்கிறது, கட்டுப்படுத்தும் கைதான் இல்லை: அனிச்சை மிகைப்படும். ஒரு எச்சரிக்கை: தண்டுவடம் திடீரென்று அறுபட்டால் முதல் நாட்களில் அனிச்சைகளே அடங்கிப்போகும். மிகைப்பு பிறகுதான் வரும். இந்த இடத்தில் கேள்வி கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

படம் சலித்தால் உங்கள் கையையே பாருங்கள். முழங்கையை மடக்கிக்கொண்டே மேல்கையின் பின்புறத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். அப்புறம் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அதே இடத்தைத் தொடுங்கள். இப்போது முன்புறம், பின்புறம் இரண்டும் இறுகியிருப்பது தெரியும். எதிர்த்தசையை அடக்கும் ஏற்பாட்டை மூளை வேண்டுமென்றே தளர்த்தி, மூட்டை இரு பக்கமும் கட்டி வைக்கிறது. அந்த இடை நியூரானும் மூளையின் பேச்சைக் கேட்கிற ஆள்தான்.

மறுதேர்வில் வேறொரு தேர்வாளர், அதே சுத்தியல். நண்பனின் முழங்காலில் தட்டினேன், அசையவே இல்லை. பதற்றத்தில் அவனும் விறைத்திருந்தான். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினேன். இதன் பெயர் யெந்திராசிக் உத்தி. கால் துள்ளியது.

"பின்தொடை?" என்றார்.

"அடக்குறாங்க சார், நடுவுல ஒரு நியூரான் வச்சு."

"ஏன் நடுவுல?"

சொன்னேன். சுத்தியலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.