சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய கடைவீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட்டில், சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வந்து என் தாத்தா மளிகை வாங்கிய அந்த இரண்டு மாடிக் கடைவீட்டின் முன்னால் நேற்று வெகுநேரம் நின்றிருந்தேன். கீழே வியாபாரமும் மேலே குடியிருப்புமாக, முகப்பு குறுகி உள்ளே நீண்டு செல்லும் அக்கட்டடத்தின் நடுவே, காற்றும் வெளிச்சமும் இறங்குவதற்கென்று கூரையில்லாத முற்றம் ஒன்று இன்னும் இருக்கிறது. நாம் அஞ்சடி என்று அழைக்கும் அதன் முன்புற நடைபாதை, 1822இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் விதியாகி, பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியதாகும். மழைக்கு ஒதுங்கிய தோட்டத்து மக்கள் அங்கேதான் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

1948 ஜூனில் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தபோதும் கடை நடந்ததாகத் தாத்தா சொல்வார்.

1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை ஏறாமல் காத்துவந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், 2000 பிறந்தபோது முடிவுக்கு வந்தது. நாடெங்கும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேற நேர்ந்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. இந்தக் கடையும் பூட்டிக் கிடக்கிறது. தூணில் எழுதிய தமிழ் எழுத்துகள் மட்டும், சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில், இன்னும் படிக்கும்படியாகவே இருக்கின்றன.