ஒழுங்காகச் சாப்பிட்டதாலா?

"ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டேனே, அதனால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா டாக்டர்?"

வயிற்றிலிருக்கும் குழந்தையின் கழுத்தில் வீக்கம் தெரிந்ததும் அந்தக் கர்ப்பிணி கேட்டது இது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஸ்கேன் பார்க்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "உங்கள் டாக்டர் விளக்குவார்." அதை நான் சொல்லவில்லை. "ஆமாம்மா, மருந்து குழந்தைக்கும் போகிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்" என்றேன். அந்த "ஆமாம்" இன்னும் என்னை விடவில்லை.

அவருக்குக் கிரேவ்ஸ் நோய்: உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் நோய். தைராய்டின் அதிகச் சுரப்பை அடக்கக் கார்பிமசோல் எடுத்துக்கொண்டிருந்தார். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையும் அடக்கும். சுரப்பு குறைந்தால் குழந்தையின் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சைக் கூட்டும், தைராய்டு வீங்கும். ஆனால் தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளும் நஞ்சுக்கொடியைக் கடக்கும். அது குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிட்டாலும் வீக்கம்தான். திரையில் இரண்டும் கழுத்தில் ஒரே மாதிரிப் புடைப்பாகத் தெரியும். முன்னதற்கு மருந்தைக் குறைக்க வேண்டும், பின்னதற்குக் கூட்ட வேண்டும். மாற்றிப் படித்தால் கேடு குழந்தைக்குத்தான்.

அன்று 33 வாரம். இதயத்துடிப்பு 140, அதில் படபடப்பு இல்லை. டாப்ளரில் ரத்த ஓட்டம் சுரப்பியின் ஓரங்களில் மட்டும் தெரிந்தது. அதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையில் 32 வாரத்தையொட்டித் தென்படும் எலும்பு மையம் இன்னும் வரவில்லை. எலும்பு வளர்ச்சி பின்தங்கியிருந்தது. கோப்பில் எதிர்ப்பொருள் அளவும் குறைவு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன: குழந்தைக்கு மருந்து அதிகம்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். "மருந்தைப் பற்றி நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். பயந்து அடியோடு நிறுத்திவிட்டால்?" அவர் பயம் நியாயமானது. திடீரென நிறுத்தினால் தாயின் இதயமே தடுமாறலாம், குறைப்பிரசவமும் ஆகலாம். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் ஏற்கெனவே யோசனைகள் குவிந்திருந்தன. தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் சாப்பிடும் உறவுக்காரப் பெண் ஒருவர், "மாசமாக இருந்தால் தைராய்டு மாத்திரையைக் கூட்டத்தான் வேண்டும்" என்று சொல்லியிருந்தாராம். அவருடைய நோய்க்கு அது சரி, இவருக்கு நேர்மாறு. நான் வாய் மூடியிருந்தால் அந்தப் பேச்சுத்தானே அவர் மனதில் நிலைத்திருக்கும்? இப்படி என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சில நாள் அது போதுமானதாக இருக்கிறது.

மருந்தின் அளவு பாதியாக்கப்பட்டது. அடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. பிறந்த குழந்தையின் டிஎஸ்எச்சும் சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தாயின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4 இயல்பு அளவின் மேல் விளிம்பில் நின்றது. இத்தகைய கர்ப்பத்தில் நாங்கள் விரும்புவதும் அதைத்தான். குறைத்துக் கொடுத்த மாத்திரையிலும் பயந்து சிலவற்றை அவர் விட்டிருந்தாலும் அதே எண் வந்திருக்கும். "சொன்னபடிதான் சாப்பிட்டேன்" என்றார். நம்புகிறேன், பெரும்பாலும்.

அந்த மருந்து இல்லாமல் இந்தக் கர்ப்பம் அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பதே சந்தேகம். அதை முதலில் சொல்லிவிட்டு "ஆமாம்" சொல்லியிருக்கலாமோ? ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. சுற்றி வளைத்தால் மழுப்புகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

இப்போதெல்லாம் இப்படி ஏதேனும் கண்ணில் பட்டால், தாயிடம் பேசும் முன் சிகிச்சை தரும் மருத்துவரை அழைத்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒருவர் எடுக்கவில்லை. அந்தத் தாய் கேட்டார், நான் சொன்னேன்.