சோம்பேறித்தனம் இல்லை, 8.2

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க அக்கா?" என்றுதான். 2022 தேர்வுக்குப் பதினான்கு மணி நேரம். 2024 தேர்வுக்கு ஏழு. வேலை கிடைத்தது ஏழுக்குத்தான்.

ஊர் முசிறி. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டிலிருந்தே படித்தேன். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24-ல். நடுவில் கொரோனா. 'எப்ப நோட்டிபிகேஷன் வரும்' என்றே மூன்று வருடம் போனது. தேர்வில் இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம், முந்நூறு மதிப்பெண். முதல் நூறு கேள்வி தமிழ். அதில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்தப் பயத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் பாடப்புத்தகங்களை, ஆசிரியர், நூல் பற்றிய நூல்வெளிப் பெட்டி உட்பட, வரி விடாமல் உருப்போட்டேன்.

மாதிரித் தேர்வு எழுதச் சேர்ந்திருந்த டெஸ்ட் பேட்சில் வாராவாரம் வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் போடுவார்கள். கடைசிப் பத்துப் பேர் சிவப்பு எழுத்தில். அது ஊக்கம் தரும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. என் பெயர் சிவப்பில் வந்த வாரமெல்லாம் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்வேன். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் டீ. இல்லையென்றால் டம்ளரில் பச்சரிசியை எடுத்து வைத்துக்கொண்டு மெல்லுவேன். அரை டம்ளர் எப்படிக் காலியாகிறது என்றே தெரியாது.

2022 தேர்வு முடிந்து எட்டு மாதம் கழித்து, 2023 மார்ச் 24-ல் முடிவு வந்தது. எனக்கு 149 கேள்விதான் சரி. அந்த மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வு வரைகூடப் போக முடியாது. அழக்கூட இல்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டேன். அதுதான் வைராக்கியம் என்று நினைத்தேன்.

ஆனால் படிப்பு ஏறவில்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரே குறளை நாலு தடவை படிக்கிறேன், ஐந்தாவது தடவையும் புதுசாக இருக்கிறது. நூலக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சீப்பில் கொத்தாக முடி. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் இருபது நிமிடம் ரத்தம் கொதிக்கும், அப்புறம் முன்னைவிடச் சோர்வு. பெரியம்மா வேறு, "வயசுப் பொண்ணு இப்புடி மத்தியானம் தூங்குனா வேலை தேடியா வரும்?" என்பார். நானும் என்னைச் சோம்பேறி என்றே தீர்மானித்துவிட்டேன். 'இன்றும் வீண்' என்று டைரியில் ஒரு மாதம் முழுக்க எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க அரசு மருத்துவமனைக்குத் துணைக்குப் போனபோது, ரத்தம் எடுத்த நர்ஸ் அக்கா என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "உனக்கும் எடுத்துட்டுப் போம்மா." ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு சாதாரணமாகக் கேட்டார்: "பச்சரிசி திங்கிறியா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரும்புச்சத்து குறைந்தால் அரிசி, ஐஸ்கட்டி, சாம்பல் என்று எதையாவது மெல்லத் தோன்றுமாம். நான் குடித்த ஆறு வேளை டீ, சாப்பாட்டிலிருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அன்று வீடு திரும்பியதும் அம்மா பச்சரிசி டப்பாவை எனக்கு எட்டாத மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

மூன்று மாதத்தில் 11.4. படிக்க முடியாத எல்லோருக்கும் ரத்தசோகைதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை நாளும் என் குணத்தில் குறை தேடிக்கொண்டிருந்தேன், அது ரத்தத்தில் இருந்தது.

அதன் பிறகு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்தேன். பத்தரைக்குப் படுக்கை. நூலகத்தில் பகல் ஏழு மணி நேரம், அதற்கு மேல் புத்தகத்தைத் தொடுவதில்லை. சாயங்காலம் குளித்தலைப் பாலம் வரை நடை. காவிரியில் தண்ணீர் இருந்தாலும் மணலாகக் கிடந்தாலும் பார்த்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்று புத்தகத்தைத் திறந்தால் தம்பிக்கு ஐம்பது ரூபாய் அபராதம். அவன் நூறு ரூபாய்தான் சம்பாதித்தான்.

மனசு ஒட்டாத நாள் அப்போதும் வந்தது. அன்றைக்கு வரலாற்றைத் தொடமாட்டேன். தேர்வில் கணக்கு இருபத்தைந்து கேள்வி, எனக்குக் கைவந்தது அதுதான். ஐந்து தனிவட்டிக் கணக்கு போட்டால் கை ஓட ஆரம்பிக்கும், பின்னாலேயே மற்றதும் வரும். வராவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். முன்பென்றால் பூட்டும் வரை உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

2024 ஜனவரி இறுதியில் 6244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஜூன் 9 தேர்வு. தெரியாத கேள்விக்கு விடைத்தாளில் E வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டியிருந்தது. கடைசியில் A எத்தனை, B எத்தனை என்று எண்ணி எழுத வேண்டியிருந்தது. 2022-ல் அந்த எண்ணிக்கையில் எனக்குக் கை நடுங்கி இரண்டு தடவை கூட்டல் தப்பியது. இந்த முறை ஒரே எண்ணலில் 200 வந்தது. அப்போதே பாதி நிம்மதி.

அக்டோபர் 28 முடிவு. 172 சரி. சென்னை பிராட்வே பக்கம், இந்தத் தேர்வை நடத்தும் தேர்வாணைய அலுவலகத்தில் கலந்தாய்வு. திரையில் காலியிடம் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே இளநிலை உதவியாளர் பணியை எடுத்தேன்.

இப்போது அலுவலகத்தில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வருகிறது. ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மா அந்த டப்பாவை இன்னும் கீழே இறக்கவில்லை. தோசைக்கு ஊறப்போடும்போது ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறாள்.