பனியன் சொன்ன சாட்சி

எங்க மாமனார் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் பத்து பனியன் துண்டுகள் காய்கின்றன. ஒன்பது ரோஸ், ஒன்று அழுக்கு வெள்ளை. கீழ் வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர், "என்னங்க, ஹோலி மார்ச்சுலதானே வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பத்துத் துண்டால் இந்த வீட்டில் நடந்த கலவரம் அவருக்குத் தெரியாது.

பெங்களூரு அல்சூரில் இருக்கிற மாமனார் வீட்டில் 1996இல் வாங்கின சிவப்பு மாருதி 800 ஒன்று உண்டு. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது 2014இல். ஆக, அது எனக்குப் பதினெட்டு வருஷம் சீனியர், மரியாதையும் அந்தக் கணக்கில்தான். பதினைந்து வருஷம் முடிந்த பிறகும் ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் மாமா. பெட்ரோல் போட்டது, பஞ்சர் ஒட்டினது, வைப்பர் ரப்பர் மாற்றினது என்று எல்லாம் ஒரு டைரியில் இருக்கும். மனுஷன் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். என் கல்யாணச் செலவுகூட அதே டைரியில், 'பேட்டரி மாற்றியது'க்கு அடுத்த வரியில் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருந்தது. வண்டி மங்கிப்போய், மேலே கைவைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டியது. "இந்த வருஷம் நாமளே பாலிஷ் போட்டுடலாம் மாமா" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க? கழுவிட்டுப் பொட்டு வச்சா போதாதா?" என்றாள் மனைவி. நான் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறேன் என்று சொல்லி அவள் வேண்டாம் என்று சொன்னது வாழ்க்கையிலேயே அன்றுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாமா ஒரே ஒரு தகவல் மட்டும் சொன்னார். "இடது பக்கம் பின் கதவை ரொம்பத் தேய்க்க வேண்டாம் மாப்ளே. அது மட்டும் மங்கவே இல்ல பாருங்க. அந்தப் பக்கம் வேப்ப மர நிழல். நான் நிறுத்துற விதம் அப்படி." இந்த வேப்ப மரக் கதையை நான் பத்து வருஷமாகக் கேட்கிறேன். முன் கதவுக்கும் அதே நிழல்தானே விழும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாமனாரிடம் அதெல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது.

2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்களுக்கு இரண்டு பக்கெட் போர் தண்ணீர்தான் கணக்கு. ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் நல்ல தண்ணீர். கழுவித் துடைத்து, போனெட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பாலிஷ் வைத்து, மாமாவின் பழைய பனியனால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். திருப்பிப் பார்த்தால் பனியன் முழுக்க ரோஸ்மில்க்.

"அண்ணா! நிறுத்துங்க!"

மாடி வீட்டுத் தம்பி. வொயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. கார் பாலிஷ் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, தன் புது வெள்ளைக் காருக்காகப் பாலிஷ் மிஷினே வாங்கி வைத்திருக்கிறவன். "கிளியர் கோட் போயிடுச்சு அண்ணா. கீழ இருக்கிற கலர் வந்துடுச்சு. முடிஞ்சுது."

அவன் விளக்கினபோது என் வயிற்றைப் பிசைந்தது. இப்போதைய கார்களில் கலர் ஒரு கோட். அதற்கு மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி இன்னொரு கோட். பளபளப்பு, வெயிலைத் தாங்குகிற மருந்து எல்லாம் அந்த மேல் கோட்டில்தான். கனம் நாற்பது, ஐம்பது மைக்ரான் இருந்தால் அதிகம், நம் தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் என்பது அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறது. துணியில் கார் கலர் தெரிந்தால் மேல் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

இருபத்தொன்பது வருஷ வண்டியை இருபத்தொன்பது விநாடியில் முடித்துவிட்டேனே என்று பனியனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெரிந்த டிங்கரிங் ஆள் யாராவது இருந்தால் கேட்கலாம் என்று மனைவியிடம் கிசுகிசுத்தேன். "அம்மா போன்ல ஒரு பாய் நம்பர் இருக்கு" என்றாள் சட்டென்று. கார் கதவைத் திறப்பதற்கே மாமாவைக் கூப்பிடுகிற அத்தையின் போனில் 'டிங்கர் பாய் சிவாஜிநகர்' எதற்கு இருக்கிறது? பதற்றத்தில் அதையும் யோசிக்கவில்லை.

பாய் போனில் சிரித்த சிரிப்பு திண்ணை வரை கேட்டது.

"பயப்படாதீங்க சாமி. அந்தக் காலத்துச் சிவப்பு வண்டிக்கு மேல லேக்கர், அதான் அந்த நிறமில்லாத கோட்டு, எங்க? கலரும் பளபளப்பும் ஒரே கோட்ல அடிச்சிருப்பாங்க. மேல வெயில் பட்டுச் செத்துப்போன தோலு இருக்குதில்ல, அதுதான் துணியில வருது. கலர் வந்தாத்தான் அது ஒத்தக் கோட்டு வண்டி. நம்ம பசங்க முதல்ல துணியப் பாப்பாங்க, அப்புறம்தான் மிஷினத் தொடுவாங்க."

ஆக, அதே ரோஸ் கறை தம்பியின் காரில் வந்தால் சாவு வீடு, எங்கள் காரில் வந்தால் சாதாரணம். நான் செய்த தப்பு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கதவு அடிப்பக்கத்தில் சோதிக்காமல், நட்ட நடு போனெட்டில் ஆரம்பித்தது.

பாய் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். வண்டியை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் அழுக்கைக் கலர் என்று நினைத்துவிடுவோம். அப்புறம், "ஒரு இடத்துல பாத்துட்டு மொத்த வண்டியும் அதுதான்னு நம்பாதீங்க. எந்தப் பார்ட்டுல யாரு எப்ப பெயிண்ட் அடிச்சாங்களோ. ஒவ்வொண்ணா பாருங்க. அது சரி, நீங்க அல்சூர்ல எந்த வண்டி? சிவப்பு மாருதியா? அட, அதுக்கு நான்தானே..."

அந்த இடத்தில் மனைவி போனை வாங்கி, "சரி பாய், அப்புறம் பேசறோம்" என்று வைத்துவிட்டாள்.

'ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மாமா பேப்பரை மடித்துவிட்டார். தரக் கட்டுப்பாடு விழித்துக்கொண்டது. மூன்று பனியனைக் கத்தரித்துச் சரியாகப் பதினோரு துண்டு. போனெட், கூரை, முன்பக்க ஃபெண்டர் இரண்டு, கதவு நாலு, பின்பக்கம் இரண்டு, டிக்கி ஒன்று. துண்டு மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதினார். நான் ஒவ்வொரு பார்ட்டின் அடி ஓரத்திலும் இருபது தேய் தேய்த்துக் காட்ட, அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து டைரியில் குறித்தார். "போனெட், ரோஸ். கூரை, ரோஸ். வலது முன் ஃபெண்டர், ரோஸ்."

நடுவில் தம்பிக்குத் தன் காரையும் பார்த்துவிட ஆசை வந்தது. வெள்ளைக் காருக்கு வெள்ளைத் துணியில் என்ன தெரியும் என்று ஒரு கறுப்பு டீஷர்ட்டை எடுத்து வந்து தேய்த்தான். டீஷர்ட்டில் வெள்ளை. முகம் செத்துவிட்டது. இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் நான்தான் டப்பாவைத் திறந்து காட்டினேன், அந்தப் பாலிஷே வெள்ளைதான்.

இடது பின் கதவுக்கு வந்தோம். இருபது தேய்த்தேன். பனியனில் பாலிஷின் நிறமும் கொஞ்சம் அழுக்கும், அவ்வளவுதான். இன்னொரு இருபது. சிவப்பு ஒரு பொட்டுகூட வரவில்லை.

"லேக்கர் அடிச்ச கதவு அங்கிள் இது" என்றான் தம்பி, இப்போதுதான் உயிர் வந்தவன். "கலர் மேல கிளியர் கோட் இருக்கு. அதான் மங்கல."

மாமா வேப்ப மரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன் காந்தத்தை எடுத்து வந்தார். உள்ளே ஒடுக்கை நிரப்புகிற பட்டி கனமாகப் போட்டிருந்தால் காந்தத்துக்குத் தகரம் எட்டாது, பிடிக்காது. ஆலையில் முப்பது வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தார்? முன் கதவில் முருகன் கம்பீரமாக ஒட்டிக்கொண்டு நின்றார். பின் கதவின் நடுவில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கீழே வந்து என் செருப்பின் மேல் விழுந்தார்.

"சாமியை வச்சு என்னப்பா விளையாட்டு?" என்றாள் மனைவி. குரல் கம்மியிருந்தது.

"இந்தக் கதவுல பட்டி போட்டிருக்கு. பெயிண்ட் அடிச்சிருக்கு. டைரியில செலவே இல்ல." மாமா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விட்டார்.

அப்புறம் வந்தது வாக்குமூலம். 2011 ஜனவரி. மாமா சபரிமலைக்குப் போயிருந்த ஐந்து நாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மனைவி, யாரும் இல்லாத நேரத்தில் வண்டி ஓட்டிப் பழகுகிறேன் என்று ரிவர்ஸ் எடுத்து, கேட் தூணில் கதவைக் கொண்டுபோய் இழைத்திருக்கிறாள். அத்தை தன் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்கு ஓட, பாய் மூன்றே நாளில் ஒடுக்கெடுத்து, பட்டி போட்டு, கலர் அடித்து, நன்றாக இருக்கட்டும் என்று மேலே லேக்கரும் அடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நல்ல மனசுதான் பதினாலு வருஷம் கழித்துக் காட்டிக் கொடுத்தது. அவரும் ஒரே கோட்டில் முடித்திருந்தால் பனியன் பாட்டுக்கு ரோஸாகியிருக்கும்.

"நான் இருமுடி கட்டிட்டு மலை ஏறிட்டிருக்கேன், நீங்க இங்க பட்டி பாத்துட்டிருக்கீங்க" என்றார் மாமா.

"வந்ததும் வண்டி பளிச்சுனு இருக்கேன்னு நீங்கதானே சந்தோஷப்பட்டீங்க. கழுவினோம்னு சொன்னேன். கழுவாமலா கொடுத்தாரு பாய்?" என்றார் அத்தை, பால்கனியிலிருந்து. அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை.

மாமா வேறு ஒன்றும் சொல்லவில்லை. டைரியில் 2011ஆம் வருஷத்துப் பக்கத்தைத் தேடி எடுத்து, 'கதவு பெயிண்ட்' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டு வைத்தார். அத்தை தொகையைச் சொல்ல மறுத்துவிட்டார்.

பதினோராவது துண்டில் 'டிக்கி' என்று எழுதியிருந்தது. நான் பாலிஷை வைக்கப் போனேன்.

"அது வேணாம் மாப்ளே."

"ஏன் மாமா? ஒண்ணுதான் பாக்கி."

"வெயில் ஏறுது. சூட்டுல பாலிஷ் போட்டாக் காஞ்சு பிடிச்சுக்கும்." அது உண்மைதான், சூடான தகரத்தில் பாலிஷ் போடக்கூடாது. ஆனால் நாங்கள் நின்றிருந்தது வேப்ப மர நிழலில். அவர் முருகனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். டைரியையும்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் சேர்த்து வேலையை முடித்தோம். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். ரோஸ் ஏற ஏறத் துணியை மாற்றினோம், கை அழுத்தாமல் மங்கல் எடுபடுகிற வரைக்கும் மட்டும். ஒத்தைக் கோட்டில் எடுப்பதெல்லாம் கலர்தான், அதிகம் போனால் கீழே இருக்கிற பிரைமர் பல்லை இளிக்கும். லேக்கர் கதவுக்கு ஒரே ஒரு கை லேசாக. கடைசியில் மொத்தத்துக்கும் மெழுகு. போனெட்டில் வேப்ப இலை விழுந்தால் அதன் பிம்பம் தெரிந்தது. டிக்கி மட்டும் பழைய சாக்பீஸ்.

பூஜை அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், போனெட்டுக்கு மாலை, உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் தயார். இரண்டு வாழைக் கன்றையும் முன்பக்கம்தான் கட்டுவார்கள். மாமா டிக்கியின் மேல் கட்டினார், அதுவும் இலையெல்லாம் நன்றாகப் பரத்தி. கற்பூரம் காட்டி முடித்து அவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நகர்ந்த நேரம், அத்தை மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பதினோராவது துண்டு.

"மாப்ளே, அந்தப் பாலிஷ் டப்பாவுல இன்னும் மிச்சம் இருக்குதா?"