பத்தில் எட்டு: பர்மாத் தமிழரும் கைநழுவிய குடியுரிமையும்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலை என்ன என்று தெரிய குடியுரிமை அட்டை எண்ணைப் பார்த்தால் போதும். எண் 12 என்று தொடங்கினால் யாங்கோன், 10 என்றால் மோன் மாநிலம், 7 என்றால் பெகு. அடுத்து ஊர்ப் பெயரின் சுருக்கம். அதையடுத்து அடைப்புக்குறிக்குள் பர்மியத்தில் ஒரு சிறு சொல் வரும். ‘நைங்’ என்று இருந்தால் முழுக் குடிமகன், அட்டை ரோஸ் நிறம். ‘ப்யூ’ என்றால் பின்னால் குடிமகனாக ஆக்கப்பட்டவர், அட்டை பச்சை. ‘ஏ’ என்றால் இணைக் குடிமகன், அட்டை நீலம். ‘ஏ’ என்ற சொல்லுக்குப் பர்மியத்தில் விருந்தாளி என்று பொருள். பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே பிறந்து இங்கேயே இறந்த குடும்பத்திலும் விருந்தாளி அட்டை இருக்கிறது. அதுவும் இல்லாமல் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் பெரியவர்கள் 1964ஐச் சொல்வார்கள். கடைகள் அரசுடைமையாகிப் போனது, ஊர் திரும்பக் கப்பல் ஏறியது எல்லாம் அந்த ஆண்டுதான். ஆனால் குடியுரிமைக் கதவு சாத்தப்பட்டது அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னால். அப்போது சத்தம் எழவில்லை, அதனால் யாருக்கும் நினைவில்லை.

முதலில் பழைய நிலையைச் சொல்ல வேண்டும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூன் வர பாஸ்போர்ட் கிடையாது. தளத்து டிக்கெட் வாங்கினால் நாலைந்து நாளில் ரங்கூன் துறைமுகம். 1931 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல், ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல். செட்டியார் கடையின் மேலாளர் மூன்று வருடக் கணக்கில் வருவார், கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் போவார், இன்னொருவர் வருவார். ஆலையிலும் வயலிலும் வேலை செய்த கூலிக்காரர் ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தை அடைத்ததும் இரண்டு மூன்று வருடத்தில் ஊர் போய்த் திரும்புவார். குடும்பம் ஊரில், வேலை பர்மாவில். இந்தப் போக்குவரத்துப் பழக்கம்தான் பின்னால் கழுத்தை நெரித்தது.

1930ல் நெல் விலை விழுந்தது. செட்டியார் வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930ல் நூற்றுக்கு 6. 1937ல் நூற்றுக்கு 25. செட்டியாருக்கு வேண்டியது பணம், நிலம் அல்ல. அவர்களில் பெரும்பாலோர் நிலத்தை நல்ல விலைக்கு விற்றுத் தீர்க்கக் காத்திருந்தார்கள். பர்மிய விவசாயிக்கு அந்தக் காத்திருப்பு எப்படித் தெரியும்? நேற்று வரை தன்னுடையதாக இருந்த வயலில் இன்று குத்தகைக்காரன். கடனைக் குறைத்து, நிலத்தைத் தவணையில் திருப்பிக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைப் பர்மியத் தலைவர்களோடு நேரே பேசி முடிக்க அந்த ஏழு ஆண்டுகள் இருந்தன. நம் தலைவர்கள் டெல்லிக்கும் லண்டனுக்கும் மனு எழுதினார்கள். சட்டப் பாதுகாப்பு கேட்டார்கள், கிடைக்கவும் கிடைத்தது. அந்தச் சட்டத்தை எழுதிய பிரிட்டிஷ் அரசே வெகுகாலம் நிற்கவில்லை.

1941 ஜூலையில், இந்தியர் பர்மாவுக்கு வருவதைக் கட்டுப்படுத்தும் குடியேற்ற ஒப்பந்தம் வந்தது. இந்திய அரசின் சார்பில் பேசியவர் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்களோ அந்த மக்களின் ஒப்புதல் இல்லாமல் முடிந்த ஒப்பந்தம் அது. காந்தி அதைக் கண்டித்தார். நடைமுறைக்கு வந்து வேர்விடுவதற்குள் போர் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் ஆள் வேண்டும் என்பதற்காக ஆண் தொழிலாளர் கப்பல் தளத்தில் ஏறிப் போவதை அரசு தடுத்தது. பணம் இருந்தவர் கேபின் டிக்கெட்டில் போனார். மற்றவர்களுக்கு மூன்று வழி. ஒன்று, புரோமிலிருந்து மலை தாண்டித் தாங்குப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். இரண்டாவது, மாந்தலேயிலிருந்து மோனிவா, கலேவா, தமு வழியாக இம்பால். கடைசியில் மழையோடு மழையாக ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமின் லேடோ. நாலு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் கிளம்பியதாகக் கணக்கு. வழியில் செத்தவர்கள் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். கொன்றது குண்டைவிட அதிகமாகக் காலராவும் தண்ணீர் இல்லாத மலையும்தான். ஐம்பது வருடம் ஒரே ஆட்சியில் இருந்த இரண்டு நாடுகளுக்கிடையே வண்டி போக ஒரு முழுச் சாலையோ ரயில்பாதையோ போட்டிருக்கவில்லை. கப்பல் நின்றால் மக்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு காகிதத்தில்கூட எவரும் திட்டமிடவில்லை. ஆளுநர் ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித்தின் அரசு 1942 மார்ச்சில் ரங்கூனைக் கைவிட்டபோது மக்கள் பாதி வழியில் இருந்தார்கள்.

நடந்து போனவர்கள் கையில் குழந்தை இருந்தது, அரிசி இருந்தது. காகிதம் இல்லை. அடுத்து வருகிற கணக்கில் இதுதான் முக்கியம்.

1947ல் எழுதிய பர்மிய அரசியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து பர்மாவில் வாழ்ந்தவருக்கு ஒரு வழி வைத்தது. பத்து ஆண்டில் எட்டு ஆண்டுக்குக் குறையாமல் பர்மாவில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டை இரண்டு விதமாக எண்ணலாம்: 1948 ஜனவரி 4க்கு முந்தைய பத்து, அல்லது 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து. நிலையாக இங்கேயே இருக்க விரும்புவதாகச் சொல்லி, கெடுவுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது நியாயமான சட்டம். உண்மையில் தாராளமான சட்டம் என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது தேதியை வைத்ததே போரில் ஓடியவர்களை நினைத்துத்தான் என்பது தெளிவு. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் நடந்து போய் 1946ல் திரும்பியவருக்கு முதல் கணக்கில் ஏறக்குறைய ஆறு வருடம்தான் தேறும். ஆகவே இரண்டாவது கணக்குக்குப் போக வேண்டும்: 1932 முதல் 1941 வரை. அந்தப் பத்தில் மூன்று வருடம் இருந்து, ஒன்றரை வருடம் ஊரில் கழித்து, மறுபடி மூன்று வருடம் இருந்து, மறுபடி ஊர் போன மேலாளருக்கு ஏழுக்கு மேல் தேறாது. எட்டு தேறிய கூலிக்காரருக்கோ அத்தாட்சி இல்லை. டிக்கெட், கூலிச் சீட்டு, வாடகை ரசீது எல்லாம் ரங்கூனில் எரிந்தன அல்லது தமுப் பாதையில் நனைந்து கரைந்தன. ஆலையின் சம்பளப் பேரேடு மேஸ்திரி பெயரில் இருக்கும், கூலிக்காரர் பெயர் அதில் ஏறியிருக்காது.

இந்த இடத்தில்தான் தலைமை வேண்டியிருந்தது. மேஸ்திரியின் உறுதிமொழியை அத்தாட்சியாக ஏற்கச் சொல்லி ரங்கூன் அரசிடம் கேட்டிருக்கலாம். ஊர் ஊராக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். அதைவிட்டு, பர்மியக் குடியுரிமை எடுத்தால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது, ஊர்ச் சொத்து போய்விடும் என்ற பயம்தான் பரவியது. வாய்ப்பு இன்னொரு பக்கமும் இருந்தது. 1950ல் வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமக்கள் ஆகலாம். அதையும் பலர் செய்யவில்லை. இரண்டு கதவும் திறந்திருந்த காலத்தில் நடையில் நின்றவர்கள்தான் பின்னால் நாடற்றவர் ஆனார்கள்.

பர்மியர்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்ட அமைச்சர்களில் ஒருவரான ரசாக் இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். இந்தியாவில் பிறந்து ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தில், பின்னாளில் பிரதமரான ஊ நூவோடு வளர்ந்த எம்.ஏ. ரஷீத், சுதந்திர பர்மாவில் அமைச்சராக இருந்தார். இங்கேயே இருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களுக்கு அந்த முதல் பத்தாண்டில் இடம் இருந்தது.

டெல்லியின் பங்கு இன்னும் வருத்தமானது. 1949ல் கரேன் இனக் கிளர்ச்சிப் படை ரங்கூன் வாசலில், இன்செயினில் நின்றது. ஊ நூவின் அரசு விழும் நிலை. நேரு ஆயுதம் கொடுத்தார், மற்ற காமன்வெல்த் நாடுகளையும் உதவச் செய்தார். 1951 ஜூலை 7 அன்று நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. 1954ல் 9 லட்சம் டன் பர்மிய அரிசி வாங்க ஒப்புக்கொண்டு, 1937ல் பர்மா பிரிந்த காலத்துக் கடன் கணக்கையும் விட்டுக்கொடுத்துத் தீர்த்துக்கொண்டது இந்தியா. மூன்று முறை மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்று முறையும் கொடுக்கும் கை இந்தியாவுடையது. குடியுரிமை மனுவுக்குக் கெடுவை நீட்டுங்கள், அத்தாட்சி விதியைத் தளர்த்துங்கள் என்ற கோரிக்கையை அந்த உதவிகளோடு இணைத்திருக்கலாம். கடல் கடந்த இந்தியர் எந்த நாட்டில் வாழ்கிறார்களோ அந்த நாட்டோடு ஒன்றிவிட வேண்டும் என்பது நேருவின் கொள்கை. கொள்கை சரிதான். ஒன்றுவதற்கு வேண்டிய காகிதத்தை வாங்கிக் கொடுக்கிற வேலை யாருடையது என்பதை அந்தக் கொள்கை சொல்லவில்லை. நிலம் 1948, 1953 சட்டங்களால் அரசுடைமை ஆனபோதும் செட்டியார்களுக்கு உரிய இழப்பீடு வந்து சேரவில்லை.

1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் கடைகள். மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. வங்கியை நம்பாமல் நோட்டாக வைத்திருந்தவரின் சேமிப்பு காகிதமானது. இந்திய வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அந்த ஆண்டு ரங்கூன் வந்தார், அதற்குள் கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. தேசியமயம் எல்லோருக்கும் பொது, அது பர்மாவின் உள்விவகாரம் என்பதே டெல்லியின் நிலை. அந்த நேரத்தில் டெல்லி கையில் பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை என்பதும் உண்மை. திரும்பியவர்களில் சிலர் இந்தியாவில் பிழைக்க வழியில்லாமல் பழைய பாதையிலேயே பர்மாவுக்கு நடந்தார்கள், எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கினார்கள். தமுவுக்கு எதிரே அந்தத் தமிழ் ஊர் இன்றும் இருக்கிறது.

தங்கிவிட்டவர்களுக்கு 1982 குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948க்கு முன்பே இங்கே வந்து வாழ்ந்ததற்கு உறுதியான அத்தாட்சி காட்டினால் ‘ப்யூ’. 1948 குடியுரிமைச் சட்டத்தின்படி மனு கொடுத்து முடிவு வராமல் இருந்தவருக்கு ‘ஏ’. நீல, பச்சை அட்டைக்காரரின் பேரப்பிள்ளை முழுக் குடிமகன் ஆகலாம். இந்தத் தலைமுறை எண்ணிக்கை அட்டை எடுத்தவரிடமிருந்துதான் தொடங்குகிறது, கப்பலில் வந்தவரிடமிருந்து அல்ல. எண்பதுகளில் அலைச்சலுக்குப் பயந்து பச்சை அட்டை எடுக்காமல் விட்ட வீடுகளில் இன்று பேரனுக்கும் எண்ணிக்கை தொடங்கவில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புக்கு முழுக் குடியுரிமை கேட்பதால், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை அங்கே வந்து நிற்கிறது. 1948ல் தலைவர்கள் செய்த தவறை நம் வீடுகள் 1982க்குப் பிறகு செய்தன.

இப்போது செய்ய வேண்டியது. குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் எடுத்து, வீட்டுப் பட்டியலில், அதாவது 66/6 படிவத்தில், பெயரை ஏற்றிவிட வேண்டும். பத்து வயது ஆனதும் டவுன்ஷிப் குடிவரவு அலுவலகமான லவகவில் முதல் அட்டைக்கு மனு கொடுக்க வேண்டும். பதினெட்டில் மாற்ற வேண்டும். தாய் தந்தை அட்டை மட்டும் போதாது, இரு பக்கத்துத் தாத்தா பாட்டியின் அட்டைகளும் கேட்பார்கள். 1950களில் கொடுத்த மூன்று மடிப்புப் பதிவு அட்டை, ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு ரோஸ், வீட்டில் இருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து. அந்தப் பழைய பச்சையை இன்றைய ‘ப்யூ’ பச்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகனாகவும் மற்றவர் நீலம் அல்லது பச்சையாகவும் இருந்தால் பிள்ளை முழுக் குடிமகன். மற்றவர் கையில் வெளிநாட்டவர் சீட்டு இருந்தால் பிள்ளைக்குப் பச்சைக்குத்தான் மனு போடலாம்.

மனு நின்றுபோவது பெரும்பாலும் பெயரில்தான். தாத்தாவுக்குப் பழைய அட்டையில் தமிழ்ப் பெயர், அப்பாவின் பள்ளிக்கூடப் பதிவில் அதே தாத்தாவுக்குப் பர்மியப் பெயர், வீட்டுப் பட்டியலில் இரண்டும் கலந்த பெயர். தமிழ் ‘ழ’வையும் ‘ள’வையும் பர்மிய எழுத்தில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். அலுவலகத்துக்கு அவை மூன்று வேறு ஆட்கள். இருவரும் ஒருவரே என்று நீதிமன்றத்தில் சத்தியக் கடிதம் எடுத்து இணைக்கலாம், ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு கடிதம் என்றால் கோப்பு நகராது. இருப்பதிலேயே பழைய அட்டையில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுதி, வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையோடு எழுதுங்கள்.