வாசனை பட்டா பாட்டு

பூனை ஒண்ணு சுவரோரமா மோந்துட்டு, வாயைப் பாதி திறந்து மேலுதட்டைச் சுருக்கி சில நொடி அசையாம நின்னுச்சு.

பார்த்தா கோவம் மாதிரி இருக்கும், ஆனா அது வாசனையைப் படிக்குது. மேல் முன்பல்லுக்குப் பின்னால அண்ணத்துல ரெண்டு குட்டி துளை, அது வழியா இன்னொரு பூனையோட மூத்திரத்துல இருக்குற கெமிக்கல், அதை உணர்றதுக்குன்னே இருக்குற ஜேக்கப்சன் உறுப்புக்குப் போயி அங்கேர்ந்து நரம்பு வழியா மூளைக்கு.

சுண்டெலி இன்னும் ஆச்சரியம்! பெண் எலியோட மூத்திர வாசனை பட்டாலே ஆண் எலி பாட ஆரம்பிச்சிடும், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலங்கறதால நம்ம காதுக்குக் கேக்காது.

ஆண் எலியோட நடுமூளையில ஒரு சின்ன நியூரான் (நரம்பு செல்) கூட்டத்தை மட்டும் ஆஃப் பண்ணிட்டா, அப்பவும் அது பெண் எலிக்குப் பின்னாடியே சுத்தும், ஆனா பாட்டு வராது. ஆசைக்கும் குரலுக்கும் மூளைக்குள்ள தனித்தனி வயரிங்னு நினைக்கும்போதே சிலிர்க்குது எனக்கு.