கேசிடனி கடைசியில் வேர் விட்டது

கேசிடனி என்பது ஒரு லாவெண்டர் வகை. அதில் வைத்த பன்னிரண்டு கட்டிங்கில் (செடியிலிருந்து எடுத்து நடும் குச்சி) ஒன்பது வேர் பிடித்துவிட்டன. போன வருடம் பதினைந்து வைத்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. அதற்கு முந்தைய வருடம் இரண்டு தேறின, கிறிஸ்துமஸுக்குள் அவையும் போய்ச் சேர்ந்தன. ஆகவே கொஞ்சம் அலட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது லண்டனின் தெற்கே மிச்சம் (Mitcham) என்ற இடத்தில். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் லாவெண்டர் பயிரிட்டு எண்ணெய் வடித்த ஊர். தெருப் பெயர்களைத் தவிர அதில் இன்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை (இந்த ஊருக்கு வந்த எந்தத் தமிழனும் இந்தச் சிலேடையை விட்டதில்லை). ஆனால் நான் மல்லுக்கு நிற்பது அந்த லாவெண்டரோடு இல்லை. பூக்கதிரின் உச்சியில் முயல்காது மாதிரி ஊதாச் செதில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஸ்டீகஸ். இலையைக் கசக்கினால் லாவெண்டர் மணத்துக்கு முன்னால் சூடம்தான் மூக்கில் ஏறும். இங்கே இதை பிரெஞ்சு லாவெண்டர் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் இதுவே ஸ்பானிஷ் லாவெண்டர். அங்கே பிரெஞ்சு என்று கேட்டால் இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் வேறொரு செடியைத் தருவார்கள்.

தாய்ச்செடி தந்தது அலாட்மென்டில் (தோட்டம் போட வாடகைக்குத் தரும் நிலம்) பக்கத்துப் பாத்திக்காரப் பாட்டியம்மா. கூடவே வந்த மரக்குச்சியில் பென்சிலால் ‘கேசிடனி’ என்று எழுதியிருந்தது. ஏதோ புது ரகமாக்கும் என்று நினைத்தேன். தேடினால் நானூறு வருடத்துப் பெயர்! 1597-இல் ஜான் ஜெரார்டு வெளியிட்ட மூலிகை நூலில் ஸ்டிக்கடவ், கேசிடனி என்று இதற்குப் பெயர்கள் இருக்கின்றன. கேசிடனி என்பது வாயில் நுழையாத பாமரர்கள் ‘காஸ்ட் மீ டவுன்’ என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அதாவது ‘என்னைக் கீழே தள்ளு’. ஹாமில்டன் வாராவதி சென்னையில் அம்பட்டன் வாராவதி ஆன கதைதான். படத்தைப் பார்த்த வாணியம்பாடி நண்பர், “இது யுனானி கடையில் விற்கிற உஸ்துகுத்தூஸ் ஆச்சே, மூளைக்குத் துடைப்பம் என்பார்களே” என்றார். பிரான்சின் தெற்குக் கரையோரம் வரிசையாகக் கிடக்கும் ஸ்டீகடீஸ் தீவுகளின் பெயரைத்தான் கிரேக்கர்கள் செடிக்கும் வைத்தார்கள். அது அரபிக்குப் போய் உஸ்துகுத்தூஸ் ஆனது. இங்கிலாந்துக்கு வந்து ஸ்டிக்கடவ் ஆனது.

சரி, வேலைக்கு வருகிறேன். இரண்டு வருடம் என்னைக் கவிழ்த்தது மூடிதான். ரோஜா கட்டிங் வைத்த பழக்கத்தில் தொட்டிக்கு மேல் பாலிதீன் பையைக் கட்டிவிடுவேன். பத்தாம் நாள் பார்த்தால் அடி இலைகளில் சாம்பல் பூஞ்சை. இந்த இலை முழுக்க நுண்ணிய ரோமம். ஈரம் பட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வருடம் பை வேண்டாம் என்று ஒரே முடிவு. முதல் மூன்று நாள் குச்சிகள் தலை தொங்கின, கை துறுதுறுத்தது, தொடவில்லை. நான்காம் நாள் நிமிர்ந்துவிட்டன.

இன்னொன்று, குச்சியை வெட்டவில்லை. ஜூலைக் கடைசியில் பூக்காத பக்கக்கிளையாகப் பார்த்து, கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தேன். தாய்த்தண்டின் பட்டை நாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த நாக்கை மட்டும் பிளேடால் சீவி நட்டேன். வேர் வந்தது எல்லாம் அந்த இடத்திலிருந்துதான். செத்த மூன்றும் நாக்கு கிழிந்துபோனவை.

மண்ணிலும் ஒரு கூத்து. மண்ணோடு கலக்க ஆன்லைனில் வாங்கிய பொடிக்கல் பையில் ‘சுண்ணாம்பு கலவாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சந்தேகத்தில் ஒரு கரண்டிக் கல்லில் வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி பொங்கியது, சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மற்ற லாவெண்டருக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், இதற்கு ஆகாது. பணம் திரும்பி வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. லண்டன் குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்புதான், அதனால் மழைத்தண்ணீர் பீப்பாயிலிருந்து மட்டும் ஊற்றுகிறேன்.

அடுத்து பச்சைப் பூப் பூக்கும் விரிடிஸ் வகையின் விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கும் மைத்துனரிடம் ஸ்டீகஸைப் பற்றிப் பீற்றிக்கொண்டால், அங்கே அதைக் களை என்று சட்டம் போட்டுப் பிடுங்குகிறார்கள் என்று சிரிக்கிறார். இங்கே ஒன்பதையும் குளிர்காலம் தாண்ட வைப்பதே பெரும்பாடு. மைனஸ் ஐந்து வரை தாங்கிவிடும்; வேரில் ஈரம் தேங்கினால்தான் போய்விடும். குளிர்காலத்தில் தொட்டிகளை வைக்கக் கண்ணாடிக் கூண்டு இன்னும் அடித்து முடிக்கவில்லை, கீல் வாங்க வேண்டும்.

நேற்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டதால் தொட்டிகளைத் தூக்கிச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். காலையில் இறங்கி வந்த மனைவி, “வெள்ளிக்கிழமைகூட இல்லையே, யார் சூடம் ஏற்றினது?” என்றாள்.